ஒட்டிய உறையும் ஒரு சின்னக் கட்டமும்

எண்பதுகளின் நடுவில் நம் கல்லூரியில் இறுதியாண்டு படித்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. ஜி.ஆர்.இ. எழுதி முடித்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஏரோகிராம் போட்டு விண்ணப்பங்களை வரவழைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று சிபாரிசுத் தாள்களை ஏந்திக்கொண்டு பேராசிரியர்களின் அறை வாசலில் காத்துக் கிடப்போம். கடிதம் தயாரானதும் ஸார் உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போட்டுத் தருவார். நாம் அதைப் பிரிக்கக் கூடாது.

அந்தத் தாளில் பொடி எழுத்தில் நாலு வரி இருக்கும். 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் குறிப்பிட்டு, இக்கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன், விட்டுக்கொடுக்கவில்லை என்று இரண்டு சின்னக் கட்டங்கள். எதில் டிக் அடிப்பது என்று சீனியரைக் கேட்டால், "விட்டுக்குடுக்கறேன்னு போடுடா. இல்லேன்னா லெட்டரை அங்கே எவனும் நம்பமாட்டான்" என்பார். போட்டோம். இதில் வேடிக்கை என்னவென்றால், நேரமில்லாத பேராசிரியர்கள் சிலர், "நீயே டைப் அடிச்சுக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிடுவார்கள். ஆக, நாமே எழுதிய கடிதத்தைப் பார்க்கும் உரிமையை நாமே துறந்தோம்!

அது என்ன சட்டம், ஏன் வந்தது என்று அன்று நம்மில் ஒருவரும் யோசிக்கவில்லை. விசா கிடைக்குமா என்பதே கவலை. பிற்பாடு தேடிப் படித்தபோதுதான் அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு பெரிய தகராறே இருந்தது தெரிந்தது.

அமெரிக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு உண்டு. மார்க் மட்டுமல்ல; பையனின் குணம், வீட்டு நிலவரம், தாய் தகப்பன் எப்படிப்பட்டவர்கள் என்று ஆசிரியர் மனதில் பட்டதெல்லாம் அதில் ஏறும். போலீஸ்காரரும் வேலை கொடுப்பவரும் கேட்டால் பல இடங்களில் அது கிடைத்தது. பெற்றவர்கள் கேட்டால் மட்டும் கிடைக்காது. ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளை 1969-இல் ஒரு மாநாடு கூட்டி, இதற்கு வரைமுறை வேண்டும் என்று 1970-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கட்டாயம் ஒன்றும் இல்லாததால் கேட்டவர்கள் கேட்டார்கள்.

கல்லூரிகளில் விஷயம் இதைவிடக் கடுமை. அப்போது வியட்நாம் போர். கல்லூரி மாணவனைப் பட்டாளத்துக்கு இழுப்பதா, விட்டுவைப்பதா என்று முடிவு செய்ய, 1966-இல் வகுப்புத் தரவரிசையையும் ஒரு தேர்வையும் அளவுகோலாக வைத்தார்கள். ரேங்க் பட்டியல் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஆள்சேர்ப்பு வாரியத்துக்குப் போகும். கீழே இருப்பவன் துப்பாக்கி தூக்க வேண்டிவரலாம். நமக்கு ரேங்க் குறைந்தால் அப்பா திட்டுவார். அங்கே உயிருக்கே உலை. அந்த மே மாதம் சிகாகோ பல்கலைக்கழக மாணவர்கள், ரேங்கை அனுப்பாதே என்று நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து பல நாள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆசிரியர்கள் சிலருக்கும் சங்கடம். தான் போடும் ஒரு 'சி' கிரேடு ஒரு பையனை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்தே விடைத்தாளைத் திருத்த வேண்டும்.

அதே 1966-இல் இன்னொன்றும் நடந்தது. நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு ஒன்று கேட்டதும், மிச்சிகன் பல்கலைக்கழகம் போர் எதிர்ப்புச் சங்கங்களில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டது. சங்கத்தைப் பதிவு செய்ய மாணவர்கள் நம்பிக் கொடுத்த பெயர்கள் அவை. மறு வருடம், 1967-இல், பேராசிரியர் சங்கமும் மாணவர் சங்கமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து வரைந்த கூட்டறிக்கையில், மாணவனின் அரசியல் நம்பிக்கையைப் பற்றி ஆவணமே வைக்கக் கூடாது என்ற வரி இடம்பெற்றது. எழுதி வைத்திருந்தால்தானே எவனாவது கேட்பான்? எனக்கு அந்தக் காலத்தின் மிகப் புத்திசாலித்தனமான வரியாகத் தோன்றுவது இதுதான்.

சட்டமாக்கியவர் நியூயார்க் செனட்டர் ஜேம்ஸ் பக்லி. இவர் போராட்டக்காரர் அல்ல, பழமைவாதி. அரசாங்கமும் பள்ளிக்கூடமும் குடும்பத்துக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. 1974 மே மாதத்தில், கல்வி மசோதா விவாதத்துக்கு வந்தபோது, குழு விசாரணை எதுவும் இல்லாமல் சபையிலேயே இதை ஒரு திருத்தமாக நுழைத்தார். நிக்ஸன் பதவி விலகிப் பன்னிரண்டாம் நாள், ஆகஸ்ட் 21-இல், ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்டார். நவம்பர் 19-இல் சட்டம் அமலுக்கு வந்தது. தன் கோப்பைப் பார்க்கலாம். கேட்ட 45 நாளுக்குள் காட்ட வேண்டும். தவறு இருந்தால் திருத்தக் கோரலாம். சம்மதம் இல்லாமல் வெளியாருக்குக் காட்டக் கூடாது. கல்லூரியில் சேர்ந்துவிட்டால் இந்த உரிமை பெற்றோரிடமிருந்து மாணவனுக்கே மாறிவிடும். (பீஸ் கட்டும் தகப்பனுக்கு மார்க்கைக் காட்டமாட்டார்களா என்று பதறாதீர்கள். வருமான வரிக் கணக்கில் பிள்ளையைச் சார்ந்திருப்பவராகக் காட்டியிருந்தால் கல்லூரி காட்டலாம்.)

அப்போதுதான் பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொண்டன. கோப்புகளில் கட்டுக் கட்டாகச் சிபாரிசுக் கடிதங்கள். ரகசியம் என்று நம்பி, மனதில் பட்டதை எழுதியவர்கள் அவர்கள். இனிமேல் பையன் படிப்பான் என்றால் எந்தப் பேராசிரியர் உண்மை எழுதுவார்? நியாயமான கேள்விதான். சட்டம் அமலாகி ஆறே வாரத்தில், டிசம்பர் 31-இல், திருத்தம் வந்தது. 1975 ஜனவரி 1-க்கு முன் ரகசியமாகப் பெற்ற கடிதங்களைக் காட்ட வேண்டியதில்லை. அதற்குப் பின் வருபவற்றை மாணவனே விரும்பினால் பார்ப்பதில்லை என்று எழுதிக் கொடுக்கலாம். நம் சின்னக் கட்டம் பிறந்தது இப்படித்தான்.

உரிமையைத் துறந்தால்தான் இடம் என்று நிபந்தனை போடக் கூடாது என்றும் அதே திருத்தம் சொல்கிறது. சட்டம் அப்படிச் சொன்னாலும், நம் சீனியர் சொன்னதுதான் நடைமுறை! இன்னொரு கூத்து: அங்கே சேர்ந்து படித்தவனுக்கே இந்த உரிமை. இடம் கிடைக்காதவன் எதில் டிக் அடித்திருந்தாலும் கடிதத்தைப் பார்த்திருக்க முடியாது.

சட்டத்துக்குப் பல் இருக்கிறதா என்ற கேள்வி 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொன்ஸாகா பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் ஒருவர் தொடர்ந்த வழக்கில், இந்தச் சட்டத்தை வைத்துத் தனிமனிதர் வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பாயிற்று. கல்வித் துறையிடம் புகார் கொடுக்கலாம். அது நிதியை நிறுத்தலாம். அவ்வளவுதான்.

நம் பக்கம் நிலைமை வேறு. 2011-இல் நம் உச்ச நீதிமன்றம், திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதியவரே பார்க்கலாம், ஆனால் திருத்தியவர் பெயரை மறைக்க வேண்டும் என்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற தீர்ப்பு 2017-இல் வந்தது; தனிநபர் தரவுச் சட்டம் 2023-இல்.

நாம் படித்தபோது இதெல்லாம் ஏது? நோட்டீஸ் போர்டுதான் சகலமும். இன்டெர்னல் மார்க் பெயரோடு ஒட்டப்படும். அரியர் வைத்தவன் பட்டியலைப் பக்கத்து டிபார்ட்மென்ட்காரன் முதலில் படித்துவிட்டு வந்து சொல்வான். ஜூலை மாதத்தில் ஸ்காலர்ஷிப் பட்டியல். பெயர், எதிரே சமூகம். என் அறைத் தோழன் ஒருவன் அந்தப் பட்டியலைப் பகலில் பார்த்ததே கிடையாது. ராத்திரி மெஸ் முடிந்து எல்லோரும் போன பிறகு, "டேய், டார்ச் குடு, ஒரு நிமிஷம்" என்று வாங்கிக்கொண்டு போவான். எதற்கென்று நான் நான்கு வருடமும் கேட்கவில்லை. பட்டியல் ஒட்டிய முதல் நாளே நாங்கள் எல்லோரும் அதைப் படித்திருந்தோம் என்பது அவனுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் முகவரிப் பட்டியல் வருகிறது. குழுவினர் அனுப்பிய படிவத்தில் வீட்டு விலாசம், செல்போன், பிறந்த தேதி, மனைவி மக்கள் பெயர் எல்லாம் கேட்டிருந்தார்கள். எதை அச்சிடலாம், எதைக் கூடாது என்று கேட்கும் கட்டம் மட்டும் இல்லை. நான் ஓரத்தில் பேனாவால் இரண்டு கட்டம் வரைந்து, விலாசத்துக்கு நேரே டிக்கும் செல்போனுக்கு நேரே பெருக்கல் குறியும் போட்டு அனுப்பியிருக்கிறேன்.