பார்பி சட்டைக்கு காஜா எடுத்த கைகள்

டிஸ்கி: இது பொம்மைத் துணி பற்றிய பதிவு. "ஏழு கழுதை வயசாச்சு, பொம்மைக்கு சட்டை தைக்கறதப் பத்தியா எழுதப் போற?"ன்னு ரூம்மேட் ஏற்கெனவே கேட்டாச்சு. நீங்க வேற ஏதாவது புதுசா கேளுங்க :-)

பார்பியைப் பற்றி எழுதறவங்க பெரும்பாலும் ரெண்டு விதமா எழுதறாங்க. ஒண்ணு, "இடுப்பைப் பாருங்கய்யா, இப்படி ஒரு பொண்ணு உலகத்துல இருக்க முடியுமா" வகை. இன்னொண்ணு, ரூத் ஹேண்ட்லர் என்கிற அம்மணி எப்படிக் கோடி கோடியாச் சம்பாதிச்சாங்க என்கிற வெற்றிக்கதை வகை. ரெண்டுமே இருக்கட்டும். எனக்கு ரொம்ப நாளா இருந்த கேள்வி வேற. பழைய பொம்மை சேகரிக்கறவங்க 1959-லேருந்து 60களின் நடுப்பகுதி வரை வந்த பார்பி உடைகளுக்கு அடிச்சுக்கறாங்க. அப்படி என்ன இருக்கு அந்தத் துணியில? அதை யார் தைச்சாங்க?

கதை ஸ்விட்சர்லாந்துல ஆரம்பிக்குது. 1956-ல ஹேண்ட்லர் குடும்பம் ஐரோப்பா சுற்றுலா போனப்போ, லூசெர்ன் நகரத்துக் கடை ஒண்ணுல ரூத் கண்ணுல 'பில்ட் லில்லி' என்கிற ஜெர்மன் பொம்மை பட்டது. ஜெர்மன் பத்திரிகை ஒன்றில் வந்த கார்ட்டூன் பாத்திரம்தான் லில்லி. 1955-ல பொம்மையா வந்துச்சு. குழந்தைகளுக்காக வந்ததில்லை, பெரியவங்க ஒருத்தருக்கொருத்தர் கிண்டலாப் பரிசு கொடுத்துக்கற சமாச்சாரம். அது ஒரு தனிப்பதிவுக்கான மேட்டர், இங்க வேண்டாம்.

ரூத் பின்னாளில் சொன்ன கதையில எனக்கு முக்கியமாப் பட்டது இதுதான். லில்லி பல உடைகள்ல கிடைச்சது. அம்மணி உடையை மட்டும் தனியாத் தரச் சொல்லிக் கேட்டிருக்காங்க. அதெல்லாம் முடியாது, வேற உடை வேணும்னா வேற பொம்மையா வாங்கிக்கங்கன்னு கடையில சொல்லிட்டாங்க. ரூத்தின் பொண்ணு பார்பரா காகித பொம்மைக்குக் காகித உடையை மாத்தி மாத்தி விளையாடறதைப் பல வருஷமாப் பார்த்தவங்க அவங்க. விளையாட்டே உடை மாத்தறதுலதான் இருக்குன்னு தெரியும். பொம்மையை ஒரு தடவைதான் விக்கலாம், உடையை வருஷம் பூரா விக்கலாம் என்கிற கணக்கு அங்கேயே ஓடியிருக்கணும்.

ஆனா அமெரிக்காவுல தைச்சா கட்டுப்படியாகாது. மாட்டெல் நிறுவனத்துக்குள்ளேயே இதைத்தான் சொன்னாங்க: ஜிப், டக், மடிச்சுத் தைச்ச ஓரம்னு நிஜ உடை மாதிரியே இத்துனூண்டுக்குத் தைச்சா எந்த விலைக்கு விக்கறது? விடை ஜப்பான்ல இருந்தது. போர்ல அடிவாங்கி எழுந்து வந்துக்கிட்டிருந்த நாடு. ஒரு டாலருக்கு 360 யென்னு 1949-ல கட்டிவச்ச மாற்று விகிதம். பொம்மை ஏற்றுமதியில ஏற்கெனவே கை தேர்ந்தவங்க. 1957-ல மாட்டெல்லோட என்ஜினியர் ஜேக் ரயனும், ஃப்ராங்க் நகமுரா என்கிற வடிவமைப்பாளரும் ஜப்பான் போய், 'கோகுசாய் போயெகி' என்கிற வர்த்தக நிறுவனத்தைப் பிடிச்சாங்க. பொம்மையும் அங்கே, உடையும் அங்கே.

நம்ம பொட்டி தட்டற கூட்டத்துக்கு அடுத்தது ரொம்பப் பரிச்சயமான கதை. டிசைன் கலிபோர்னியா, டெலிவரி டோக்கியோ. க்ளையண்ட் பக்கத்து ஆளே ஆஃப்ஷோருக்கு வந்து உக்காந்துட்டாங்க என்பது மட்டும்தான் வித்தியாசம். அவங்க பேர் ஷார்லட் ஜான்சன். ஆயத்த ஆடைத் தொழில்ல அனுபவப்பட்டவங்க, லாஸ் ஏஞ்சலஸ்ல ஷூனார்ட் கலைப்பள்ளியில உடை வடிவமைப்பு சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்தாங்க. ஏறக்குறைய ஒரு வருஷம் டோக்கியோவுல இம்பீரியல் ஹோட்டல்ல தங்கி, மாதிரி உடைகளைத் தைக்க வச்சு, பிரிக்க வச்சு, திரும்பத் தைக்க வச்சாங்க. (ஃப்ராங்க் லாய்ட் ரைட் கட்டின ஹோட்டல் அது. 1923 பூகம்பத்துக்கும் தாக்குப்பிடிச்சதை 1968-ல இடிச்சுட்டாங்க. நல்லா இருக்கறதை இடிக்கறது எல்லா ஊர்லயும் நடக்குது போல.)

பொம்மைக்குத் தைக்கறது ஏன் அவ்வளவு கஷ்டம்? சும்மா எல்லாத்தையும் ஆறால வகுத்தாப் போச்சேன்னு நானும் நினைக்கலாம், நீங்களும் நினைக்கலாம். பார்பியோட உயரம் 11½ அங்குலம். ஆறால பெருக்கினா 69 அங்குலம், அதாவது 5 அடி 9 அங்குலம். ஆக ஆறில் ஒரு பங்கு அளவு. நம்ம சட்டைப் பட்டன் சுமார் 11 மில்லிமீட்டர், அது 2 மில்லிமீட்டருக்கும் கீழே போயிடும். அதுக்குக் காஜா எடுக்கணும். தையலுக்கு உள்ள விடற துணி ஒன்றரை சென்டிமீட்டர்னா அது இரண்டரை மில்லிமீட்டர். அவ்வளவு கம்மியா விட்டா பிசிறு பிரிஞ்சு தையலே விட்டுப்போகும். மெஷின்ல சாதாரணமா விழற தையல் இரண்டரை மில்லிமீட்டர். அதை ஆறுல ஒண்ணாக் குறைச்சா, ஊசி குத்தின ஓட்டையிலேயே துணி தபால்தலை மாதிரி கிழியும்.

இதெல்லாம் கூட சமாளிச்சிடலாம். சமாளிக்கவே முடியாதது துணியோட கனம். பொம்மை சின்னதாச்சுன்னு நூல் சின்னதாகாது. 0.3 மில்லிமீட்டர் கனமுள்ள பருத்தித் துணி, பொம்மை மேல ஏறினா நம்ம கணக்குக்கு 1.8 மில்லிமீட்டர் கனம். கம்பளியைப் போத்திக்கிட்ட மாதிரி நிக்கும். இப்ப இடுப்பை எடுத்துக்கங்க. பாவாடைப் பட்டி, அதோட மடிப்பு, லைனிங், உள்ள சொருகின ரவிக்கைன்னு நாலு அடுக்கு சேரும். நாலு அடுக்கும் சேர்ந்து 1.2 மில்லிமீட்டர். நம்ம அளவுக்குப் பெருக்கினா சுத்தி 7 மில்லிமீட்டருக்கு மேல. இடுப்புச் சுற்றளவுல அது ஒன்றே முக்கால் அங்குலம் கூட்டிடும்! துணி போட்ட பிறகு சரியாத் தெரியணும்னா துணி இல்லாதப்போ இடுப்பு ஒல்லியா இருந்தே ஆகணும் என்பது மாட்டெல் தரப்புல பல தடவை சொன்ன விளக்கம். அது மட்டும்தான் காரணம்னு நான் நம்பலை, லில்லியோட இடுப்பும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா விளக்கம் வெறும் சால்ஜாப்பும் இல்லை, கணக்கு உதைக்கலை.

அதனால மெல்லிசான துணியாத் தேடணும். அச்சுல இருக்கற பூவும் பொட்டும் பொம்மைக்கு ஏத்த மாதிரி பொடிசா இருக்கணும். மெஷின் போகாத இடத்தைக் கையால முடிக்கணும். இந்தக் 'கையால' என்கிற இடத்துலதான் கதையே இருக்கு.

ஜப்பான்ல 'நைஷொகு'ன்னு ஒரு வார்த்தை உண்டு. வீட்டுல இருந்துக்கிட்டே பீஸ் ரேட்டுக்குச் செய்யற வேலை. சமையல், பிள்ளைங்க எல்லாம் முடிச்சு, மிச்ச நேரத்துல குடும்பத் தலைவிங்க செய்வாங்க. திருப்பூர்ப் பக்கம் பிசிறு வெட்டறதுக்கும் பட்டன் கட்டறதுக்கும் வீட்டுக்கு மூட்டை வர்றதைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெட்டின துணி வீட்டுக்குப் போகும், தைச்ச பொம்மை உடை திரும்பி வரும். ஓரம் மடிச்சுக் கையால ஹெம்மிங், பிரஸ் பட்டன் கட்டறது, கொக்கி வைக்கறது, மணி கோர்க்கறது எல்லாம் இப்படி வீடுகள்ல நடந்ததுதான்.

அப்படி உருவான 22 உடைகளோட பார்பி 1959 மார்ச் 9-ஆம் தேதி நியூயார்க் பொம்மைச் சந்தையில இறங்குச்சு. பொம்மை 3 டாலர். உடைகள் 1 டாலர்ல இருந்து 5 டாலர் வரை. கவனிங்க, சில உடைகள் பொம்மையை விட விலை ஜாஸ்தி! முதல் வருஷமே மூணு லட்சத்துக்கு மேல பொம்மை வித்துது.

அந்த 22-ல சிலது பேரைக் கேட்டாலே சேகரிப்பாளர்கள் கண் விரியும். 'கே பாரிசியன்', 'ஈஸ்டர் பரேட்', 'ரோமன் ஹாலிடே'. கடைசியாச் சொன்னதோட ஒரு பித்தளைப் பவுடர் டப்பா வரும், நகம் அளவுக்குத்தான் இருக்கும். அறுபது வருஷத்துல பெரும்பாலானது தொலைஞ்சு போச்சு. உடை கிடைச்சாலும் டப்பா கிடைக்கறது குதிரைக்கொம்பு. எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு, 'ஸ்வெட்டர் கேர்ள்'. ஆரஞ்சு நிறத்துல பின்னின ஸ்வெட்டர், சாம்பல் பாவாடை. கூடவே ஒரு மரக்கிண்ணத்துல நூல்கண்டு, ரெண்டு குட்டிப் பின்னல் ஊசி, பின்னுவது எப்படின்னு ஒரு குட்டிப் புத்தகம். வீட்டுல உக்காந்து கைவேலை செய்யற பெண்கள் தைச்ச உடைகளுக்கு நடுவுல, பொழுதுபோக்கா கைவேலை செய்யற பொம்மை. வேணும்னு யாரும் செய்திருக்க மாட்டாங்க. ஆனா அந்த உடையைப் பார்க்கறப்பல்லாம் எனக்கு இதான் தோணுது.

தைச்சவங்க பேர்? ஒரே ஒரு பேர் நல்லாவே தெரியும். ஃபூமிகோ மியாட்சுகா. ஷார்லட் ஜான்சனோட சேர்ந்து மாதிரி உடைகளை உருவாக்கின ஜப்பானியப் பெண்மணி. பின்னால 'பார்பியும் நானும்' என்ற அர்த்தம் வரும் தலைப்புல ஜப்பானிய மொழியில தன் நினைவுகளைப் புத்தகமாவே எழுதினாங்க. மூட்டை போன வீடுகள்ல இருந்தவங்களுக்கு இந்தக் கதையில பேர் கிடையாது. அவங்க தைச்ச உடையில இருக்கற ஒரே பேர், உள்பக்கம் வச்சுத் தைச்ச 'பார்பி' என்கிற நெய்த லேபிள்தான்.

இந்த லேபிள் மேட்டர்தான் என்னை இந்தப் பதிவு எழுத வச்சது.

ஏன்னா அதே வருஷங்கள்ல பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கூட்டமும் பார்பிக்குத் தைச்சுக்கிட்டிருந்துச்சு. 5 டாலர் கொடுத்து உடை வாங்க முடியாத, இல்ல மனசு வராத அமெரிக்க அம்மாக்களும் பாட்டிகளும். மெக்கால்ஸ், சிம்ப்ளிசிட்டி, அட்வான்ஸ் மாதிரி கம்பெனிகள் 1960களின் தொடக்கத்துலயே 11½ அங்குல பொம்மைக்கான காகித வெட்டு அளவுகளை உறையில போட்டு வித்தாங்க. வீட்டுல மிஞ்சின வெட்டுத் துணி போதும். பொண்ணோட பிறந்தநாள் கவுன்ல மிஞ்சினதுல பொம்மைக்கும் ஒரு கவுன். கொலுவுல மரப்பாச்சிக்குப் பட்டுத்துணி சுத்தி ஜரிகை வச்ச வீட்டுல வளர்ந்தவங்களுக்கு அந்தச் சந்தோஷம் புரியும். மாட்டெல்லும் சும்மா இருக்கலை. 1965-ல 'தையல் இல்லாத உடை'ன்னு, ஊசி நூலே தேவைப்படாம ஒட்டிச் செய்யற உடைப் பெட்டிகளை இறக்கிட்டாங்க. கில்லாடிங்க.

ஆக ரெண்டு பக்கமும் வீட்டுல உக்காந்து, ராத்திரி விளக்கு வெளிச்சத்துல பெண்கள் ஒரே அளவு பொம்மைக்குத் தைச்சிருக்காங்க. இன்னைக்குப் பழைய பொம்மைச் சந்தையில என்ன நிலைமை? லேபிள் இருந்தா கண்ணாடிப் பெட்டிக்குள்ள. லேபிள் இல்லாத வீட்டுத் தையல்னா, எடுத்துக்கோங்க எடுத்துக்கோங்கன்னு குவியலா ஒரு டப்பாவுல. ஒரு அம்மா ஒரே ஒரு குழந்தைக்காகத் தைச்ச, உலகத்துல இன்னொண்ணு இல்லாத உடை மலிவு. நூத்துக்கணக்குல தைச்சு அனுப்பின உடை பொக்கிஷம். தையலோட தரம்தான் காரணம்பாங்க, ஓரளவு உண்மைதான். டோக்கியோவுல சரியா வராததைத் திருப்பி அனுப்ப ஆள் இருந்தது. ஆனா வீட்டுத் தையல்லயும் அசரவைக்கற உருப்படிகள் இருக்கு. அதுக்கும் டப்பாதான். சேகரிப்புங்கறது பட்டியலை நிரப்பற விளையாட்டு. பட்டியல்ல நம்பர் இல்லாத உடைக்கு அங்க இடமில்லை.

ஜப்பான் கதை ரொம்ப நாள் நீடிக்கலை. 60கள்ல அங்க கூலி ஏறிக்கிட்டே போச்சு. 1967-ல டகாரா நிறுவனம் ஜப்பானியக் குழந்தைகளுக்குன்னே 'லிக்கா-சான்' என்கிற சின்ன பொம்மையை இறக்கி, சொந்த ஊர்ல பார்பியைத் தூக்கிச் சாப்பிட்டுச்சு. 1971-ல 360 யென் கணக்கும் உடைஞ்சுது. பார்பி தயாரிப்பு தைவான், ஹாங்காங்குன்னு கூலி கம்மியான ஊர் தேடிப் போயிடுச்சு. (இந்த வரியை ஆபீஸ்ல சத்தமாப் படிக்காதீங்க.) கூடவே உடைகளும் மாறுச்சு. லைனிங் போச்சு, உலோக ஜிப் போச்சு, கையால மடிச்ச ஓரம் போச்சு. கடைசியில முதுகுல ஒரு வெல்க்ரோ, பர்ர்ர்னு பிச்சா ஆச்சு.

அதனாலதான் இப்ப பொம்மைக்குத் தைக்கறதையே கலையா எடுத்துக்கிட்டவங்க 1959 உடைகளை உள்வெளியாத் திருப்பிப் பாடம் படிக்கறாங்க. லைனிங்கை எங்க திருப்பியிருக்காங்க, காஜா ஓரத்துல எத்தனை சுத்து, பட்டியில ஒரு அடுக்கை எப்படி மிச்சம் பிடிச்சிருக்காங்கன்னு. பிசிறு பிரியாம இருக்க ஓரத்துல தடவற பசை மாதிரி சில வசதிகள் இவங்களுக்கு உண்டு. மத்தபடி அதே மெல்லிசுத் துணி, அதே குட்டி ஊசி, அதே கைத்தையல். இணையத்துல ஒவ்வொண்ணா விக்கறாங்க, நல்ல விலைக்கே போகுது. இவங்கள்ல பல பேர் கழுத்துக்குப் பின்னாடி ஒரு குட்டி லேபிள் வச்சுத் தைக்கறாங்க. அதுல இருக்கறது தைச்சவங்களோட பேர்.