ஓடந்துறை ஊராட்சிக் காற்றாலை

கோபிசெட்டிபாளையத்து வயல்களுக்குப் பாயும் நீரில் ஒரு பகுதி, வழியில் மின்சாரம் தந்துவிட்டுத்தான் வருகிறது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அதைக் கடந்த நீர் மோயாறாக இறங்கி, பவானிசாகரில் பவானியுடன் கலந்து, கொடிவேரி அணை வழியே கோபி வட்டாரத்தை அடைகிறது. கோவைப் பஞ்சாலைகள் பெருகியது பைக்காரா மின்சாரத்தால்தான். பிறகு கம்பிகள் கொங்கு நாட்டுக் கிராமங்களுக்கும் வந்தன. ஆனால் ஊருக்கு மின்சாரம் வருவது வேறு, அதன் கட்டணத்தை ஊர் கட்டுவது வேறு.

இந்த இரண்டாவது சிக்கலுக்கு வழி தேடிய ஊராட்சி, மேட்டுப்பாளையத்தை அடுத்து நீலகிரி அடிவாரத்தில் உள்ள ஓடந்துறை. இது காரமடை ஒன்றியத்தைச் சேர்ந்தது. 1996இல் ஆர். சண்முகம் தலைவரானார். குடிநீர்த் திட்டம் விரிந்தது, தெருவிளக்குகள் கூடின. மோட்டார்களுக்கும் விளக்குகளுக்குமான மின்கட்டணம் ஊராட்சியின் வருவாயை விழுங்கத் தொடங்கியது. நல்ல வேலை செய்த ஊராட்சிக்குக் கிடைத்த தண்டனை என்றே இதைச் சொல்லலாம்.

முதலில் சூரிய ஒளித் தெருவிளக்குகள் முயன்று பார்க்கப்பட்டன. 2003இல் குடிநீர் இறைக்க 9 கிலோவாட் திறனுள்ள மரவாயு இயந்திரம் நிறுவப்பட்டது. கழிவு மரத்துண்டுகளைக் குறைந்த காற்றில் எரித்து, வரும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் முறை இது. செலவு குறைந்தது, ஆனால் விறகு வாங்க வேண்டும், அருகிருந்து இட ஆள் வேண்டும்.

அடுத்த முடிவு துணிச்சலானது. 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. விலை ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். காற்றாலை நின்ற இடம் ஓடந்துறை அல்ல, உடுமலைப்பேட்டை அருகிலுள்ள மைவாடி. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாயில் நெருக்குண்டு வேகம் கூடி வீசும் பகுதி அது. அங்கு உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் சேர்ந்துவிடும். ஓடந்துறையின் பயன்பாடு அதில் கழிக்கப்படும். கணக்கில்தான் அது ஊரின் மின்சாரம். ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 6.75 லட்சம் அலகு, ஊராட்சியின் தேவை 4.5 லட்சம் அலகு. மிச்சத்தை விற்ற பணத்தில் கடன் அடைந்தது.

ஆகவே இதை எல்லா ஊருக்கும் பொருத்திவிட முடியாது. சேமிப்பு உள்ள ஊராட்சி, கடன் தர முன்வரும் வங்கி, ஏற்கெனவே வந்துவிட்ட மின்கம்பி ஆகிய மூன்றும் இருந்ததால் ஓடந்துறைக்கு இது கைகூடியது. கம்பியே எட்டாத மலைக் குடியிருப்புகளுக்குக் காற்றாலைக் கணக்கு உதவாது.

அங்கே கூரைமேல் வைக்கும் சூரியத் தகடுதான் வழி. தமிழக அரசு 2011இல் அறிவித்த சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் ஐந்து விளக்குகள் தரப்பட்டன. விளக்கு எரிய மின்கட்டணம் இல்லை. ஆனால் பகலில் சேர்ந்த மின்சாரத்தை இரவுக்கு வைத்திருக்கும் மின்கலம் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அதை மாற்றும் செலவைத் தாங்க, காட்டோரக் குடியிருப்புகளிடம் மைவாடியில் சுழல்வது போன்ற வருவாய் எதுவும் இல்லை.