கோவா பேராலயம் நமக்குப் புகட்டும் பாடம்

நம் பங்கு மக்களில் பழைய கோவாவுக்குத் திருயாத்திரை சென்று வந்தோர் பலர் உண்டு. 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்து, கடலோர ஊர்களில் கால் நோக நடந்து மறை பரப்பிய புனித சவேரியாரின் திருவுடல் அங்குள்ள 'போம் ஜேசு' பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. செல்வோர் அனைவரும் அதன் செந்நிற முகப்பின்முன் நின்று படம் பிடித்துக்கொள்வர். ஆனால் அந்தச் செந்நிறம், ஆலயத்தைக் கட்டியவர்கள் வெளியே தெரியும்படி விட்ட நிறம் அன்று. இதை அறிந்தவர் சிலரே.

இயேசு சபையினர் 1594-இல் தொடங்கி 1605-இல் முடித்த ஆலயம் இது. சுவர்கள் செம்புரைக்கல்லால் ஆனவை. இக்கல் மென்மையானது, நுண்துளைகள் நிறைந்தது, மழைநீரைக் குடிக்கும் இயல்புடையது. கோவாவிலோ பருவமழை கொட்டித் தீர்க்கும். ஆகவே நம் முன்னோர் சுவர் முழுவதும் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். அது வெளிமழையைத் தடுக்கும். உள்ளே ஊறிய ஈரத்தையும் மெல்ல வெளியேற விடும். அது வெறும் அலங்காரமன்று, ஆலயத்தின் மேலாடை.

சுமார் 350 ஆண்டுகள் காத்துநின்ற அந்த மேலாடை, போர்த்துக்கீசிய ஆட்சியின் இறுதிக் காலமான 1950-களில் உரிக்கப்பட்டது. கல் வெளியே தெரிந்தால் ஆலயம் பழமையாகத் தோன்றும் என்பதே அன்றைய எண்ணம். பழமையைக் காட்ட விரும்பியவர்களே பழமைக்குக் கேடு செய்தார்கள்! அன்று முதல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நீர் கல்லுக்குள் இறங்குகிறது. 2020-இல் இந்நிலை குறித்துக் கவலை எழுந்து, மீண்டும் சாந்து பூச வேண்டும் என்ற கோரிக்கை உரத்து ஒலித்தது. ஆனால் இதற்குள் சிவப்பு முகப்பே படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் உலகெங்கும் பரவிவிட்டது. அந்தத் தோற்றத்தை மாற்றலாகாது என்போரும் உளர். பார்க்க வருவோரின் கண்ணுக்குப் பழகிய அழகே பாதுகாப்புக்குத் தடையாக நிற்பதைப் பாருங்கள்.

அதே ஆலயத்துக்குள் இன்னொரு வரலாறும் உண்டு. 1554-இல் புனிதரின் திருவுடல் கோவாவுக்கு வந்தபோது, பக்தி மிகுதியால் ஒரு பெண்மணி அவரது கால்விரலைக் கடித்து எடுத்துவிட்டாள் என்பது வழிவழியாக வரும் செய்தி. முன்னாளில் திருப்பாதங்களை முத்தமிட அனுமதியும் இருந்தது. இன்றோ பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் பகிரங்க தரிசனத்தில், கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்றே வணங்குகிறோம். 2024 நவம்பர் 21 முதல் 2025 சனவரி 5 வரை நடந்த தரிசனத்திலும் அவ்வாறே. அதனால் பக்தி குறைந்துவிட்டதா? இல்லை. அன்பும் அளவு மீறினால் அழிக்கும் என்பதைத் திருச்சபை உணர்ந்து, எட்டி நின்று வணங்கக் கற்றுத்தந்தது. திருவுடலுக்குக் கண்ணாடிக் காப்பு கிடைத்தது; அதைத் தாங்கும் ஆலயத்துக்கோ இருந்த காப்பும் பறிபோயிற்று.

சுற்றுலா தீயது என்று நாம் சொல்லவில்லை. வருவோர் இருப்பதால்தான் பழைய கோவாவின்மேல் அரசின் கண்ணும் உலகின் கண்ணும் பதிகின்றன. அங்குள்ள ஆலயங்களும் மடங்களும் 1986-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. எனினும் ஆலயம் முதலில் செபவீடு, பிறகே காட்சிப்பொருள். விருந்தினரின் கண்ணுக்காக அன்றி, கல்லின் நலத்துக்காகவே அதைப் பேண வேண்டும்.

ஜூபிலி கொண்டாடும் நமக்கும் இது பொருந்தும். விழாவுக்கு வருவோர் வியக்க வேண்டும் என்பதற்காகப் பழைய பீடத்தைப் பெயர்ப்பதும், சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டிச் சிமெண்டு பூசுவதும் எளிது; இழந்ததை மீட்பது அரிது. ஒரு கல்லை அகற்றுமுன், முன்னோர் அதை ஏன் அங்கு வைத்தார்கள் என்று கேட்போமாக. அந்த விவேகத்தை ஆண்டவர் நமக்கு அருள்வாராக!