அட்சரகணிதமும் வாக்குச்சீட்டும்

கணிதம் சமுதாயத்துக்கு அப்பாற்பட்ட தூய அறிவு என்னும் எண்ணம் நம் ஆசிரியரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இலக்கியத்துக்கு வர்க்கச் சார்பு உண்டென ஏற்றுக்கொள்பவர்கூடச் சமன்பாட்டுக்கு அத்தகைய சார்பு ஏது என்று வினவுவர். வினா நியாயமானதே. இரண்டும் இரண்டும் நான்கு என்பது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பொது. ஆனால் அதனை யார் கற்கின்றனர், யாருக்கு அது மறுக்கப்படுகிறது, யாருடைய வாழ்விலிருந்து எடுத்த உதாரணங்களைக் கொண்டு அது கற்பிக்கப்படுகிறது என்பன பொதுவானவையல்ல. இவ்வுண்மையைத் தெளிவுறுத்தும் வரலாறொன்று ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே தொடங்குகிறது.

அவ்வரலாற்றின் நாயகர் ரொபேட் மோசஸ் என்னும் கணித ஆசிரியர். 1935ஆம் ஆண்டு நியூ யோர்க் நகரின் ஹார்லெம் பகுதியிலே பிறந்த கறுப்பினத்தவர். ஹாவாட் பல்கலைக்கழகத்திலே தத்துவம் பயின்றவர். 1960ஆம் ஆண்டு பெப்ருவரியிலே, வெள்ளையருக்கு மட்டுமே உணவு பரிமாறப்பட்ட கடையொன்றில் கறுப்பின மாணவர் அமர்ந்து எழ மறுத்தனர். அவர்தம் முகங்களைப் பத்திரிகைப் படங்களிலே கண்ட மோசஸ் அவ்வாண்டே தெற்கு நோக்கிச் சென்றார். அங்கு ஏம்சி மூர் என்னும் உள்ளூர்த் தலைவர், வாக்குரிமையே எல்லா உரிமைகளுக்கும் திறவுகோல் என்பதை அவருக்கு உணர்த்தினார். 1961இல் மோசஸ் மக்கோம் நகரிலே வாக்காளர் பதிவுப் பணியைத் தொடங்கினார்.

மிசிசிப்பியின் அன்றைய நிலையை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். பருத்தி நிலங்களிலே கறுப்பின மக்களிற் பெரும்பாலோர் வாரக்குடிகளாக வாழ்ந்தனர். விதைக்கும் உணவுக்கும் நிலக்காரனிடமே கடன். ஆண்டு முடிவிலே கணக்குத் தீர்ப்பவனும் அவனே. கணக்கேடு அவன் கையில். அதனைச் சரிபார்க்கும் எண்ணறிவு உழவனுக்குக் கிட்டாதவாறு பாடசாலைகள் வறுமையில் வைக்கப்பட்டன. வாக்காளராகப் பதியச் சென்றாலோ, மாநில அரசியல் யாப்பின் பகுதியொன்றுக்குப் பதிவாளர் திருப்தியுறும் வண்ணம் விளக்கம் எழுத வேண்டும். 1964இல்கூட வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவருள் 6.7 வீதத்தினரே பதிவு பெற்றிருந்தனர். இவ்வியக்கத்துக்குத் துணைநின்ற ஹேர்பேட் லீ என்னும் உழவர் 1961 செப்டெம்பரிலே மாநிலச் சட்டசபை உறுப்பினர் ஒருவராற் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர் தண்டிக்கப்படவில்லை.

1963இல் நீதிமன்றமொன்றிலே, எழுத்தறிவற்றோரை ஏன் பதிவுக்கு அழைத்து வருகிறீர் என நீதிபதி மோசஸிடம் வினவினார். ஒரு மக்கட் கூட்டத்துக்குக் கல்வியை மறுத்துவிட்டு, பின்னர் அக்கல்வியின்மையையே காரணங்காட்டி உரிமையையும் மறுத்தல் எவ்வாறு நீதியாகும் என்பதே அவர் விடையின் சாரம். உலகெங்கணும் ஒடுக்குமுறை கையாளும் தருக்கத்தை இச்சிறு விடை அம்பலப்படுத்தியது. 1964 கோடையிலே நாடெங்கிலுமிருந்து ஏறக்குறைய ஆயிரம் தொண்டர்கள் மிசிசிப்பியில் வந்து கூடினர். சுதந்திரப் பாடசாலைகள் தோன்றின. மறு ஆண்டு வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. 1967இல் பதிவு பெற்றோர் தொகை 59.8 வீதமாயிற்று.

வாக்குரிமை கிடைத்தது, வறுமை நீங்கியதா? பருத்தி பறிக்கும் இயந்திரம் வந்ததும் வாரக்குடிகள் நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்டனர். நகரங்களை அடைந்த அவர்தம் பிள்ளைகளுக்குப் புதிய தொழில்நுட்ப உலகின் வாயில் அடைத்தே கிடந்தது. வியட்நாம் போருக்கான கட்டாய அழைப்பை மறுத்து 1966இல் நாடுநீங்கிய மோசஸ், தன்சானியாவிலே கணிதம் கற்பித்து 1976இல் மீண்டார். 1982இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரிலே, தம் மகளின் பாடசாலையில் எட்டாம் வகுப்பினர்க்கு அட்சரகணிதம் இல்லையென்பதைக் கண்டார். அது இன்றேல் உயர்தரக் கணிதமில்லை. பல்கலைக்கழக வாயிலும் எளிதிற் திறவாது. வகுப்பறையில் அவளுக்கும் வேறு சிலர்க்கும் அவரே கற்பிக்கத் தொடங்கினார். அட்சரகணிதத் திட்டம் இவ்வாறு பிறந்தது.

அவர் கண்ட கற்பித்தல் முறை நம் சிந்தனைக்கு உரியது. எண்கணிதத்திலே மாணவன் ‘எத்தனை’ என்று மட்டுமே கேட்கப் பழகியிருக்கிறான். அட்சரகணிதமோ ‘எத்திசையில்’ என்றும் கேட்கிறது. மறை எண்களிலே பிள்ளைகள் தடுமாறுவதன் காரணம் இதுவே எனக் கண்ட மோசஸ், அவர்களை நகரின் நிலக்கீழ்ப் புகையிரதத்தில் ஏற்றிச் சென்றார். பயணத்தின் பின் அவர்கள் அதனைப் படமாக வரைந்தனர். தம் வீட்டு மொழியிலே விவரித்தனர். பின் அம்மொழியைச் செப்பமாக்கினர். இறுதியில் தாமே குறியீடுகளை அமைத்தனர். ஒரு நிலையம் பூச்சியம். ஒருபுறம் நேர், மறுபுறம் மறை. குறியீடு மேலிருந்து விழவில்லை, தம் அனுபவத்திலிருந்து எழுந்தது என்பதை மாணவர் உணர்ந்தனர். தொண்ணூறுகளில் இத்திட்டம் மிசிசிப்பிக்கே மீண்டது. 2021இல் மறையும்வரை, கணித அறிவு குடியுரிமையின் பகுதி என்னும் நிலைப்பாட்டில் மோசஸ் உறுதியாக நின்றார்.

இதிலே ஐயங்கொள்ள இடமுண்டு. அட்சரகணிதம் கற்றார் அனைவர்க்கும் வேலை கொடுக்கும் பொருளாதாரம் எங்கே? வாயிலைத் திறந்தாற் போதுமா, மதிலைத் தகர்க்க வேண்டாமா? இவ்விமரிசனம் சரியானதே, பள்ளி மட்டும் சமுதாயத்தை மாற்றிவிடாது. எனினும் மதிலின் உயரத்தையும் அதனைக் கட்டியோர் இலாபத்தையும் கணக்கிட அறியாதோர் அதனைத் தகர்ப்பது அரிது.

நம் நாட்டை நோக்குவோம். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் மலையகத் தோட்டத் தொழிலாளர் குடியுரிமையும் வாக்கும் இழந்தனர். நீண்ட போராட்டத்தின் பின், 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடனேயே நாடற்றோர் நிலை பெரும்பாலும் நீங்கியது. ஆனால் கொழுந்து நிறுக்குமிடத்திலே கழிக்கப்படும் நிறையையும், சம்பளச் சீட்டிலே பிடிக்கப்படும் தொகையையும் சரிபார்க்கும் அறிவை நம் கணித பாடம் அம்மக்களின் பிள்ளைகட்குத் தருகிறதா? வீதமும் விகிதமும் அங்கேதான் உயிரோடு உள்ளன. யாழ்ப்பாணக் கிணற்று நீரிற் கலக்கும் உரத்தின் நைத்திரேற்று இரசாயன பாடத்துக்கு ஏன் உதாரணமாகக் கூடாது? சாதாரண தரப் பரீட்சையிற் கணிதம் சித்தியடையாமல் ஒதுக்கப்படுவோருள் ஏழைப் பிள்ளைகளே மிகுதி என்பதை ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கண்டும், அவர்களுக்கு மூளையில்லை என்று கூறி அமைகிறோம். மிசிசிப்பியின் பதிவாளரும் ஏறக்குறைய அதனையே கூறினார்.

நாளைய வகுப்பிலே பாடநூலைத் திறக்குமுன், மாணவர் ஒருவரின் வீட்டுச் சம்பளச் சீட்டைக் கரும்பலகையில் எழுதுவோம். பெயர் வேண்டாம், எண்கள் போதும். வினாக்களை மாணவரே கேட்பர்.