கீற்றுக் கொட்டகை எவ்வகைக் கட்டடம்?

கட்டடங்களை வகைப்படுத்துதல் பொறியியலார் தொழில். தமிழாசிரியருக்கு அதில் என்ன அக்கறை என்று சிலர் வினவலாம். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் 94 பள்ளிப் பிள்ளைகள் தீயில் மாண்டதை நினைவிற் கொள்வார் அங்ஙனம் வினவார்.

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதன்முதலாக 1970-இல் வெளிவந்தது. அதன் நான்காம் பகுதி தீக்காப்பைப் பற்றியது. அது கட்டடங்களைப் பகுக்கும் முறை நோக்கத்தக்கது. சுவர் கல்லா மண்ணா என்பது அதன் முதற் கேள்வியன்று. உள்ளே இருப்போர் யாவர், எதன்பொருட்டு இருக்கின்றனர் என்பதே. வீடுகள் ஒரு பிரிவு. பள்ளிகள் ஒரு பிரிவு. மருத்துவமனை, மனநோயாளர் விடுதி, சிறை ஆகியவை ஒரு பிரிவு. மக்கள் திரளும் மண்டபங்கள் மற்றொரு பிரிவு. சொல்லின் வடிவை நோக்காது பொருளை நோக்கித் திணை வகுத்த நம் இலக்கணத்தார்க்கு இம்முறை புதிதாகத் தோன்றியிராது.

ஆயினும் கீற்றுக் கொட்டகை இப்பகுப்பிற் சிக்காமல் நழுவியது. அதைக் கட்டடமென்றே பலர் கருதவில்லை. இன்று வேய்ந்து நாளை பிரிப்பதுதானே என்பது எண்ணம். (நம் தோட்டப் பள்ளிகள் சிலவும் அத்தாப்புக் கூரையின் கீழ்த் தொடங்கியவையே.) பந்தலுக்கும் தற்காலிகக் கொட்டகைக்கும் இந்தியத் தர நிறுவனம் தனியே தீத்தடுப்பு நெறிகளை வகுத்திருந்தது. ஆனால் இத்தகைய நெறிகள் பரிந்துரைகளே. மாநில அரசோ நகராட்சியோ தன் சட்டத்திற் சேர்த்தாலன்றி அவை எவரையும் கட்டுப்படுத்தா.

விளைவு யாது? 1997 ஜூன் 7-இல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது வேள்விப் பந்தல் தீப்பற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2004 ஜனவரி 23-இல் திருவரங்கத்துத் திருமண மண்டபத்தில் வேய்ந்திருந்த கீற்றுப் பந்தல் எரிந்தது. மாண்டோருள் மணமகனும் ஒருவர்.

இவற்றினும் கொடியது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியலில், மனநோயாளரைத் தங்கவைத்திருந்த கீற்றுக் கொட்டகை பற்றியெரிந்து 28 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். வாயில் எத்துணை அகலமாயிருப்பினும் அவர்களுக்குப் பயன் என்ன? தொகுப்பின்படி அது மருத்துவமனையோடு ஒருங்கே வைத்து எண்ணப்பட வேண்டிய இடம். கண்டோர்க்கோ அது வெறும் கொட்டகை.

கும்பகோணத்துப் பள்ளி முழுவதும் கொட்டகையன்று. காரைக் கட்டடத்தின் மேல்தளத்தில் கீற்று வேய்ந்து வகுப்பு நடத்தினர். கீழே மதிய உணவு சமைத்த அடுப்பிலிருந்து எழுந்த தீ கூரையைப் பற்றியது. எரிந்த கீற்று குழந்தைகள் தலைமேல் வீழ்ந்தது. இறங்குவதற்கிருந்த படிக்கட்டோ மிகக் குறுகியது.

இதன்பின் பள்ளிகளிலுள்ள கீற்றுக் கூரைகளை அகற்றுமாறு தமிழ்நாட்டு அரசு ஆணையிட்டது. வேண்டிய ஆணைதான்; எனினும் அது கூரையை மட்டும் கண்டது என்பேன். தகரம் வேய்ந்த அறைக்கும் குறுகிய படி ஒன்றே வழியாயின் பிள்ளைகள் எவ்வாறு வெளியேறுவர்? இக்குறையை உணர்ந்தது 2009-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பாதுகாப்பான பள்ளியிற் பயில்வதும் கல்வியுரிமையின் கூறே என்று கூறிய நீதிமன்றம், தேசியத் தொகுப்பின் விதிகளுக்கு இணங்கக் கட்டடம் அமைந்துள்ளதா என்பதை அறிந்த பின்னரே எப்பள்ளிக்கும் அங்கீகாரம் அளிக்க வேண்டுமென்று மாநில அரசுகளைப் பணித்தது.