மீட்டர் சொல்லாத தூரம்

இந்தியச் சாலைகளில் ஓடிய பழைய கார்கள் பலவற்றில் தூரம் காட்டும் மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999-ஐத் தாண்டியதும் அது மறுபடி 00000-க்கு வந்துவிடும். டேஷ்போர்டில் 43,000 என்று தெரிந்தால், வண்டி ஓடியது நாற்பத்து மூவாயிரமா, ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரமா, அதற்கு மேலும் ஒரு சுற்றா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. நாடு மெட்ரிக் அளவுக்கு மாறுவதற்கு முன் வந்த வண்டி என்றால் அது கிலோமீட்டரே அல்ல, மைல். இருந்தும் அந்தக் கார்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. மீட்டரை நம்பாமலே வண்டி வாங்கும் வழி ஒன்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

அந்த வழி கார்ப் பஞ்சத்தில் பிறந்தது. ஃபோர்டு 1926-லும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லும் இந்தியாவுக்கு வந்து, இறக்குமதி செய்த பாகங்களை இங்கே இணைத்துக் கார்களாக விற்றன. சுதந்திரத்துக்குப் பின் நிலைமை மாறியது. உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இடம் என்று 1953-ல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. அரசும் அதை ஏற்றது. வெறுமனே இணைத்து விற்றுவந்த அந்த இரு பெரிய நிறுவனங்களும் கடையைக் கட்டின. கார் தயாரிப்பில் முக்கியமாக எஞ்சியவை மூன்று: வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ்.

அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. இவற்றுக்குள்தான் தேர்வு.

உரிமமும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் உற்பத்தியை இறுக்கிப் பிடித்திருந்தன. யாருக்கு எப்போது கார் கிடைக்கும் என்பதையும் அரசு முறைப்படுத்தியது. 1959-ல் மோட்டார் கார் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் தனிக் கட்டுப்பாட்டு ஆணையே வந்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அதனால் இன்று கேட்டால் நம்ப முடியாத ஒன்று அன்று சாதாரணமாக நடந்தது: அப்போதுதான் டெலிவரி எடுத்த ஃபியட்டை மறுநாள் விற்றால் கம்பெனி விலையைவிட அதிகம் கிடைக்கும். பழைய காரின் விலையைத் தீர்மானித்தது அதன் தேய்மானம் மட்டுமல்ல. புதிய காருக்காகக் காத்திருக்க வேண்டிய காலமும்தான்.

ஆகவே ஒரு காரை யாரும் லேசில் கைவிடவில்லை. டாக்டரிடமோ வக்கீலிடமோ பத்து வருஷம் ஓடியது ஒரு வியாபாரியிடம் போகும். அங்கிருந்து டாக்ஸியாகும். அரசு அலுவலகங்கள் கண்டம் செய்து ஏலம் விட்ட அம்பாசடர்கள் ஒர்க்‌ஷாப் வழியாகப் புது பெயின்ட்டோடு சந்தைக்குத் திரும்பும். 'டாக்டர் வண்டி' என்று புரோக்கர் சொன்னால் அதற்கு விலையிலேயே மதிப்பு உண்டு. ஒரே கையில் இருந்தது, நேரத்துக்கு ஆயில் மாற்றியது, டிரைவர் பொறுப்பானவர் என்பதையெல்லாம் அந்த இரண்டு சொல் சொல்லிவிடும்.

இத்தனை கைகள் மாறியும் வண்டி தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அதன் இன்ஜினிலேயே இருந்தது. அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. நெடுங்காலம் அதில் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் கனமான வார்ப்பிரும்பால் ஆனது. ஓடி ஓடி சிலிண்டர் சுவர் தேய்ந்தால் கம்ப்ரஷன் குறையும், ஆயில் எரியும், பின்னால் நீலப்புகை வரும். அப்போது இன்ஜினை இறக்கி, பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பி, சிலிண்டரைச் சற்றே அகலமாகக் கடைந்து, அந்த அளவுக்கு ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங் செட்டும் போட்டுவிடுவார்கள். இதுதான் ரீபோர். கிராங்க் ஷாஃப்டையும் தேய்த்துச் சமன் செய்து, அதற்கேற்ற பேரிங் போடலாம். ஒரு பிளாக் இப்படிச் சில முறை கடைசலைத் தாங்கும். அதற்கும் மேலே போனால் லைனர் அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய அம்பாசடரின் இன்ஜின் சென்ற மாதம் ரீபோர் ஆகியிருந்தால், எழுபதாயிரம் ஓடியும் கவனிக்கப்படாத வண்டியைவிட அதுவே மேல். வாங்குபவர் கேட்டதும் அதைத்தான்: "இன்ஜின் வேலை எப்போ பார்த்தது?"

இந்த வேலைக்கான பொருளும் அறிவும் தமிழ்நாட்டில் தாராளமாக இருந்தன. 1949-ல் சென்னை செம்பியத்தில் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், 1960-களின் தொடக்கத்தில் வந்த லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா போன்ற ஆலைகள் உதிரிப்பாகத் தொழிலைப் பெரிதாக்கின. கோவையின் வார்ப்படச் சாலைகளிலும் லேத் பட்டறைகளிலும் பயின்ற கைகள் சிறு ஊர்களில்கூட மெக்கானிக் கடை வைத்தன.

வண்டி பார்க்கப் போகும்போது கூடவே அப்படி ஒரு மெக்கானிக் போவார். காலையில், இன்ஜின் சூடாகும் முன்னே போகச் சொல்வார். சூடான இன்ஜின் பல நோய்களை மறைக்கும். ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பார்ப்பார். கதவு, மட்கார்டுகளை விரல் முட்டியால் தட்டுவார். தகடு ஒரு சத்தம் தரும், டிங்கரிங் செய்து பட்டி பூசிய இடம் மொத்தையாக ஒலிக்கும். கால்விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டில் துரு தேடுவார், கடலோர ஊரில் நின்ற வண்டி என்றால் இன்னும் கூர்மையாக. ஸ்டியரிங் ஆட்டம், கிளட்ச் பெடலின் தேய்ந்த ரப்பர், டிரைவர் சீட்டின் பள்ளம் என வண்டி எவ்வளவு ஓடியது என்பதற்கான சாட்சிகள் மீட்டருக்கு வெளியே நிறைய இருந்தன. மீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வரும் ஒரு கம்பிதான். அதைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், எண் ஓடாது. அது தெரிந்த மெக்கானிக் மீட்டரைக் கடைசியில்தான் பார்ப்பார்.

பாகம் கிடைக்காத கார் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் சுமைதான். வண்டலூரின் ஸ்டாண்டர்டு இதற்குச் சென்னை மண்ணின் சொந்த உதாரணம். 1961-ல் ஹெரால்டு, பிறகு கெஸல் என்று வந்த அந்நிறுவனம் 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை இறக்கியது. பெட்ரோல் அதிகம் குடிக்கும், விலையும் கூடுதல் என்ற நிலையில் சில ஆண்டுகளில் உற்பத்தியே நின்றுபோனது. கம்பெனி மூடிய பின் அந்தக் கார்களை வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் இன்னொரு பழைய ஸ்டாண்டர்டைத் தேட வேண்டியிருந்தது. அம்பாசடருக்கோ 2014 வரை உத்தர்பாராவில் உற்பத்தி நடந்தது. முப்பது வருஷ வண்டிக்கும் கடையில் சாமான் கிடைத்தது.

கடையில் கிடைக்காததைத் தேடி வந்தவர்களைச் சேர்த்த இடம் சென்னையின் புதுப்பேட்டை. எழும்பூரை ஒட்டி, கூவம் ஓரத்தில், வண்டிகளைப் பிரித்து இன்ஜின், கியர்பாக்ஸ், கதவு, கண்ணாடி, முகப்பு விளக்கு என்று ரகம் பிரித்து விற்கும் தெருக்கள் அவை. ஓட முடியாத காரின் உடல் ஓடுகிற காரை வாழவைத்தது இங்கேதான். கூடவே ஒரு எச்சரிக்கையும் வளர்ந்தது. இன்ஜின் மாற்றிய வண்டியை வாங்குபவர், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போகிறதா என்று துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தார்.

பழைய கார்ச் சந்தையின் அடிப்படைச் சிக்கலை உலகப் பொருளியலின் மையத்துக்குக் கொண்டுவந்த ஆய்வுக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதை எழுதிய அமெரிக்கரான ஜார்ஜ் அகெர்லாஃப் 1967-68-ல் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றினார். மூன்று ஆய்விதழ்கள் ஏற்க மறுத்த அவரது கட்டுரை 1970-ல் வெளியானது; 2001-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. அதன் வாதம் எளிது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் சராசரி வண்டிக்கான விலையைத்தான் தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, விற்காமல் விலகுவார். மிஞ்சுவதில் சொத்தை அதிகமாகும், விலை மேலும் இறங்கும். இதே கட்டுரை இந்தியக் கிராமத்து வட்டிக்கடைக்காரரையும் பேசுகிறது. கடன் கேட்பவரை நேரில் அறிந்தவர் மட்டுமே துணிந்து கடன் தர முடிகிறது. அந்த அறிமுகம்தான் அவருக்கு அதிக வட்டி வாங்கும் பலத்தைத் தருகிறது என்பது அதன் பார்வை.

பழைய வண்டியும் கடனும் சந்திக்கும் இந்த இடத்தைத் தொழிலாகவே மாற்றிக் காட்டியது சென்னை. டி.எஸ். சந்தானம் 1954-ல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் வாகனங்களுக்கு ஹயர் பர்ச்சேஸ் எனும் தவணைக் கொள்முதல் முறையைப் பரப்பியது. அதைவிடத் துணிச்சலான அடி 1979-ல் வந்தது. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் படித்து, காப்பீட்டுத் துறையில் அனுபவம் பெற்ற ஆர். தியாகராஜன், சீட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஸ்ரீராம் குழுமத்திலிருந்து ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸை உருவாக்கினார். அதன் வாடிக்கையாளர்கள் வங்கி வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட லாரி டிரைவர்கள். அவர்கள் வாங்க விரும்பியது ஐந்து, பத்து வருஷம் ஓடிய, பல லட்சம் கிலோமீட்டர் கண்ட லாரிகள்.

வருமானச் சான்று இல்லை, அடமானம் வைக்கச் சொத்து இல்லை. ஆனால் எந்த லாரி எவ்வளவு பெறும், எந்த ரூட்டில் எவ்வளவு சம்பாதிக்கும், இந்த டிரைவர் எப்படிப்பட்டவர் என்று களத்தில் நின்று கணிக்கும் ஆட்கள் அந்நிறுவனத்திடம் இருந்தார்கள். மெக்கானிக்கின் காது செய்த வேலையை ஒரு நிதி நிறுவனம் கணக்காக எழுதியது. பழைய லாரியை ஓட்டியவர்கள் அதற்கு உரிமையாளரானதில் அந்தக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

கார் உலகின் திருப்பம் 1983 டிசம்பரில் வந்தது. ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் விலை வைத்து மாருதி 800 இறங்கியது. எடையில் அம்பாசடரின் ஏறக்குறைய பாதி, மூன்றே சிலிண்டர். முதலில் அதற்கும் வரிசை, அதற்கும் கைவிலை ஏற்றம். 1993-ல் கார் தயாரிப்புக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோவைத் தயாரிக்கத் தொடங்கியது. பணம் இருந்தால் புது வண்டி உடனே கிடைக்கும் என்றானதும், பழைய காரின் விலை முதன்முறையாக அதன் வயதையும் ஓடிய தூரத்தையும் பார்த்து இறங்கத் தொடங்கியது. யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத மீட்டர் எண், விலை பேசும்போது முதல் கேள்வியானது.

அதே காலத்தில் மெக்கானிக்கின் காதும் பலமிழந்தது. 1995-ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக, கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. எனும் மின்னணு எரிபொருள் செலுத்து முறை வந்தது. கோளாறைச் சொல்ல ஸ்கேனர் தேவைப்பட்டது. மீட்டரும் டிஜிட்டலானது. ஆறு இலக்கம் வந்ததால் சுற்றித் திரும்பும் குழப்பம் தீர்ந்தது. ஆனால் எண் இப்போது ஒரு சிப்பில் இருக்கிறது, கருவி தெரிந்தவர் நிமிஷங்களில் மாற்றிவிட முடிகிறது. அமெரிக்கா 1972-லேயே மீட்டரைப் பின்னால் திருப்புவதைக் கூட்டாட்சிச் சட்டத்தால் தடை செய்தது. இந்தியாவில் அந்த இடத்தை முதலில் நிரப்ப முயன்றவை கம்பெனிகள். 2001-ல் மாருதி தொடங்கிய ட்ரூ வேல்யூ, பழைய காரைச் சோதித்துச் சான்றும் உத்தரவாதமும் கொடுத்து விற்றது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு வருகையின்போதும் பதியப்படும் கிலோமீட்டர், மீட்டரைச் சரிபார்க்கும் தனிச் சாட்சியானது.

பிறகு சட்டமே பழைய கார்களை ஊர்விட்டு ஊர் தள்ளியது. தலைநகர் வட்டாரத்தில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதிசெய்தது. டெல்லியில் விலை சரிந்த பெரிய கார்கள் தெற்கே வந்தன. படிவம் 28-ல் தடையில்லாச் சான்று, இங்கே வயதுக்கேற்ற வரி, மறுபதிவு என்று சேர்த்தால் 'சல்லிசு' என்று வாங்கியதில் பாதி லாபம் கரைந்துவிடுவதும் உண்டு.

பேரம் முடிந்து சாவி கைமாறினாலும், பெயர் மாறாவிட்டால் வினை பழைய உரிமையாளரையே சேரும். இதை 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வண்டி அடுத்தடுத்துப் பலரிடம் கைமாறியிருந்தும், ஆர்.டி.ஓ. பதிவில் பெயர் இருந்தவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே கை மாற்றி விற்ற புரோக்கர் வழக்கத்துக்கு அது பலத்த அடி.

2022 டிசம்பரில் மத்திய அரசு திருத்தி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள், சாவி கைமாறுவதற்கும் பெயர் மாறுவதற்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளிக்குள்தான் நுழைகின்றன. பழைய வண்டி வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும். உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்த தகவலை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். விற்கும்வரை பொறுப்பு வியாபாரியுடையது. வெள்ளோட்டம், சர்வீஸ், பெயின்ட், பார்வையிடல் போன்ற தேவைகளுக்கு மட்டுமே அவர் வண்டியைச் சாலையில் எடுக்கலாம். அப்படி எடுக்கும் ஒவ்வொரு பயணத்துக்கும் காரணம், ஓட்டியவர், நேரம், ஓடிய தூரம் ஆகியவற்றை மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். முந்தைய கைகளில் ஓடிய தூரத்தை இந்தப் பதிவேடு சொல்லாது. அதற்கு சர்வீஸ் ரசீதுகளும், பெடல் ரப்பரும், குளிர்ந்த இன்ஜினைக் காலையில் கேட்கத் தெரிந்த மெக்கானிக்கும் இன்றும் தேவை.