பெற்றவர்கள் போட்ட வரைபடம்

போன மாதம் லூயி பஸ்தேரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நண்பர்கள் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "கிருமியால் வரும் நோய்க்கு ஊசி கண்டுபிடித்தார்கள், சரி. பரம்பரையாக, பிறக்கும்போதே உடம்போடு வரும் நோய்க்கு என்ன செய்தார்கள்?"

அதற்கு முழுப் பதில் சொல்ல ஒரு கட்டுரை போதாது. ஆனால் அந்தக் கதையில் ஒரு பெரிய பகுதி பிரான்சில் நடந்தது. அதை நடத்தியவர்களில் பலர் விஞ்ஞானிகளே அல்ல, நோயாளிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பெயர்களை நம் புதுச்சேரி வழக்கப்படி பிரெஞ்சு உச்சரிப்புக்குப் பக்கமாக எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் பழகிய நாக்கு எழுபது வயதுக்கு மேல் மாறாது.

பிரான்சின் வடக்கே புலோஞ் என்ற கடலோர ஊரில் 1806ல் பிறந்தவர் கியோம் டுஷேன். மருத்துவம் படித்துப் பாரீசுக்குப் போனார். அங்கே எந்த ஆஸ்பத்திரியிலும் அவருக்கு நிரந்தரப் பதவி இல்லை. ஒரு மின்சாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போவார். நோயாளியின் தசைகளில் லேசாக மின்சாரம் செலுத்தி, எந்தத் தசை எதை அசைக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்வார். அப்படித் திரிந்தபோதுதான் சில சிறுவர்களைக் கவனித்தார். கெண்டைக்கால் தசை நன்றாகத் திரண்டிருக்கும், பார்த்தால் பயில்வான் போலத் தெரியும். ஆனால் காலில் பலம் இருக்காது. வருடம் போகப் போக நடையே நின்றுவிடும். உயிரோடு இருக்கும் நோயாளியின் தசையிலிருந்து துளியளவு எடுத்துப் பார்க்க அவரே ஒரு ஊசிக் கருவி செய்தார். 1868ல் இந்த நோயை விரிவாக எழுதி வெளியிட்டார். இன்றும் உலகம் முழுக்க அந்தத் தசைச் சிதைவு நோய்க்கு டுஷேன் என்றுதான் பெயர்.

இந்த நோயை நான் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே நேரில் பார்த்திருக்கிறேன். எண்பதுகளில் என்னோடு வேலை பார்த்த ஒரு நண்பரின் பையனுக்கு அப்போது ஆறு வயது இருக்கும். தரையில் உட்கார்ந்தால் நேராக எழ மாட்டான். முதலில் குப்புறத் திரும்பி, கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலில் ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுவது போல எழுந்து நிற்பான். நாங்கள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தோம். நண்பரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அப்படி எழுவதை கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1879லேயே நோயின் அடையாளமாக எழுதி வைத்திருந்தார் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் சக்கர நாற்காலி, பிறகு மூச்சுத் தசையும் இதயத் தசையும் சோர்ந்து போவது. அந்தக் காலத்தில் இருபது வயதைத் தாண்டினவர்கள் குறைவு. அந்தப் பையனும் தாண்டவில்லை.

அவன் தாயை அந்த வீட்டுப் பெரியவர்கள் பேசிய பேச்சுகளும் என் காதில் விழுந்திருக்கின்றன. "உன் வம்சத்து நோய்" என்பார்கள். இது பாதி உண்மை, பாதி கொடுமை. இந்த நோய்க்கான மரபணு, எக்ஸ் என்ற குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு அந்தக் குரோமோசோம் இரண்டு உண்டு. ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றது சமாளித்துவிடும். ஆணுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் தாயிடமிருந்து வருவது. அதனால் நோய் மகனுக்கு, பழி தாய்க்கு. ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு இந்தப் பழுது பரம்பரையில் இல்லாமல் புதிதாகவே உண்டாகிறது. நகல் எடுக்கும்போது ஒரு வரி விட்டுப்போவது போலத்தான். இதில் யாரைக் குற்றம் சொல்வது?

இப்போது பிரான்சுக்கு வருவோம். யொலேன் தெ கெப்பேர் என்ற தாய்க்கு ஏழு பிள்ளைகள். அவர்களில் நான்கு பேருக்கு இந்த நோய். மருத்துவர்கள் கையை விரித்தார்கள். அந்த அம்மாள் 1958ல் இதே துன்பத்தில் இருந்த குடும்பங்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். ஆஃபெம் என்று மூன்று எழுத்தில் அழைப்பார்கள். ஒருவருக்கொருவர் ஆறுதல், சக்கர நாற்காலிக்கு உதவி, அரசாங்கத்துக்கு மனு என்று கால் நூற்றாண்டு போயிற்று.

1982ல் பெர்னார் பரத்தோ என்பவர் தலைவரானார். அவரும் நோயாளிப் பிள்ளையின் தகப்பன். தொழில், மின்சார நிறுவனத்தில் உத்தியோகம். அவரும் கூட்டாளிகளும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிள்ளையை வைத்துப் பராமரிப்பது வேண்டும்தான், ஆனால் நோயின் வேரைப் பிடிக்காவிட்டால் அடுத்த தலைமுறையும் இப்படியே போகும், வேர் மரபணுவில் இருக்கிறது. அதற்குப் பணம் வேண்டும், கொஞ்சநஞ்சம் அல்ல. அமெரிக்காவில் ஜெர்ரி லூயிஸ் என்ற சிரிப்பு நடிகர் தொலைக்காட்சியில் மணிக்கணக்காக நிகழ்ச்சி நடத்தி இதே நோய்க்காகப் பணம் திரட்டுவதைப் பார்த்தார்கள். 1987 டிசம்பரில் ஆந்தென் 2 தொலைக்காட்சியில் பிரான்சின் முதல் தெலெத்தோன் நடந்தது. ஜெர்ரி லூயிசே வந்து முன்னின்றார். முப்பது மணி நேர நிகழ்ச்சி. கிராமத்துத் தீயணைப்புப் படைக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ரொட்டிக் கடைக்காரர் என்று ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். சேர்ந்தது பதினெட்டுக் கோடி பிராங்குக்கும் மேல். அன்று முதல் இன்று வரை ஒவ்வொரு டிசம்பரும் நடந்துவருகிறது. நம் ஊரில் பிரெஞ்சுத் தொலைக்காட்சி பார்க்கும் சொல்தா குடும்பங்களுக்கு இது புதிதல்ல.

இந்தப் பணத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தங்கள் பிள்ளைகளின் ஒரு நோய்க்கு மட்டும் செலவிட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் மனித மரபணுத் தொகுதி முழுவதற்கும் வரைபடம் போடப் போனார்கள்.

வரைபடம் என்றால் என்ன? நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துக்கள் கொண்ட ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் எங்கோ ஓரிடத்தில் பிழை. தேடுவது எப்படி? கிழக்குக் கடற்கரைச் சாலையில் மைல்கல் ஒன்றுகூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே எங்கோ வண்டி நின்றுவிட்டது என்றால் யார் போய் எங்கே தேடுவது? மைல்கல் நட்டுவிட்டால், எந்தக் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் நடுவில் என்று சொல்லிவிடலாம். டுஷேன் நோயின் மரபணுவை அமெரிக்காவில் போஸ்டனில் லூயிஸ் கங்கல் குழுவினர் 1986ல் பிடித்தார்கள். ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் இப்படி இருட்டில் துழாவ முடியாது. முதலில் கற்களை நட வேண்டும்.

ஏற்கெனவே பாரீசில் ழான் தொசே என்ற மருத்துவ மேதை இருந்தார். 1980ல் நோபல் பரிசு பெற்றவர். 1984ல் அவர் ஆரம்பித்த ஆய்வு மையத்தில், பெரிய குடும்பங்களின் மூன்று தலைமுறை மரபணு மாதிரிகளைச் சேர்த்துவைத்து உலக விஞ்ஞானிகளுக்கு வழங்கினார்கள். அந்த மையமும் பெற்றோர் சங்கமும் கை கோத்தன. 1990ல் பாரீசுக்குத் தெற்கே எவ்ரி என்ற ஊரில் ழெனெத்தோன் ஆய்வுக்கூடம் எழுந்தது. தனியேல் கோஹென், ழான் வைசன்பாக் என்ற இரண்டு பேர் வேலையை நடத்தினார்கள். தொழிற்சாலை போல வரிசையாக இயந்திரங்கள் ஓடின. 1992ல் வைசன்பாக் குழு 814 மைல்கற்கள் கொண்ட வரைபடத்தை வெளியிட்டது. 1996ல் அது 5,264 ஆயிற்று. இடையில் 1993ல் கோஹென் குழு வேறொரு முறையில் முழுத் தொகுதிக்கும் ஒரு முதல் வரைபடம் வெளியிட்டது.

அந்த நேரத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? கண்டெடுத்த மரபணுத் துண்டுகளுக்கு அரசு நிறுவனமே காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தது. எவ்ரியில் தங்கள் வரைபடத்துக்குப் பூட்டுப் போடவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்தார்கள். பிறகு 1997ல் பாரீசில் யுனெஸ்கோ ஒரு பிரகடனம் செய்தது. அடையாள அளவில் மனித மரபணுத் தொகுதி மனித குலத்தின் பொதுச் சொத்து என்றது. ரொட்டிக் கடைக்காரரின் பத்து பிராங்க் அதற்கு முன்பே அந்தக் கொள்கைப்படி நடந்துவிட்டது என்பேன்.

மைல்கல் நட்டதும் பலன் வந்தது. 1995ல் நெக்கேர் ஆஸ்பத்திரியில் ழூதித் மெல்கி என்ற பெண்மணியின் குழு, குழந்தைகளைக் கொல்லும் இன்னொரு நோயான முதுகுத்தண்டுத் தசைச் சுருக்க நோயின் மரபணுவைப் பிடித்தது. இங்கிலீஷில் எஸ்.எம்.ஏ. என்பார்கள். ஸ்டெதாஸ்கோப்பை லாயென்னெக் 1816ல் கண்டுபிடித்ததும் இதே நெக்கேரில்தான். பிறகு அதே ஆஸ்பத்திரியில் அலேன் ஃபிஷேர், மரினா கவத்ஸானா இருவரும், நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்கு நல்ல மரபணுவை உள்ளே செலுத்தினார்கள். கண்ணாடிக் கூண்டு போன்ற அறையில் அடைபட்டிருந்த குழந்தைகள் வீட்டுக்குப் போனார்கள். 2000 ஏப்ரலில் உலகமே கொண்டாடியது.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. 2002ல் ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. பிறகு இன்னொன்று. மொத்தம் நான்கு பேர், அவர்களில் ஒருவர் இறந்தார். நல்ல மரபணுவைச் சுமந்து போன வைரஸ், போகக் கூடாத இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு வேறொரு மரபணுவைத் தட்டி எழுப்பிவிட்டது. சிகிச்சையை நிறுத்தினார்கள். நடந்ததை மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அதிலிருந்து கற்றுக்கொண்டுதான் பின்னால் வந்தவர்கள் பாதுகாப்பான வைரஸ் வாகனங்களைச் செய்தார்கள்.

2019ல் எஸ்.எம்.ஏ. நோய்க்கு ஒரே ஒரு முறை ஏற்றும் மரபணு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சோல்ஜென்ஸ்மா என்று பெயர். அதன் பின்னால் அமெரிக்க ஆராய்ச்சியும் உண்டு, ழெனெத்தோனின் ஆராய்ச்சியும் உண்டு. ழெனெத்தோன் தன் காப்புரிமையைப் பயன்படுத்த 2018ல் ஒரு அமெரிக்க நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. அதே ஆண்டு அந்த நிறுவனத்தை நோவார்ட்டிஸ் 870 கோடி டாலருக்கு வாங்கியது. மருந்தின் விலை 21 லட்சம் டாலருக்கு மேல். நம் பத்திரிகைகளில் "பதினாறு கோடி ரூபாய் ஊசி" என்று படித்தது இதைத்தான். தமிழ்நாட்டிலும் பெற்றோர் கைக்குழந்தையின் படத்தைப் போட்டு ஊர் உலகத்திடம் கையேந்தினார்கள். பிரான்சில் ஒரு சங்கமாகச் சேர்ந்து கேட்டது ஆராய்ச்சிக்கு. இங்கே தனித்தனியாகக் கேட்டது மருந்தின் விலைக்கு. இரண்டு இடத்திலும் கொடுத்தவர்கள் சாதாரண ஜனங்களே. அவர்கள் காசில் முளைத்த மருந்து அவர்களுக்கே எட்டாத உயரத்தில் தொங்குவது நியாயமா என்று பிரான்சிலும் கேட்டார்கள். ஆராய்ச்சிக்கும் தயாரிப்புக்கும் செலவு உண்டு, லாபமும் இருக்கட்டும். ஆனால் வரைபடத்தை இலவசமாகக் கொடுத்தவர்களின் பெருந்தன்மை, விலைச் சீட்டு எழுதும்போது ஒரு வரியிலாவது தெரிய வேண்டாமா?

டுஷேன் நோய் என்ன ஆயிற்று? அந்த மரபணு மனித உடம்பில் உள்ள மிகப் பெரிய மரபணுக்களில் ஒன்று. மருந்தைச் சுமக்கும் வைரஸ் ஒரு சின்னத் தபால் உறை மாதிரி, சுமார் ஐயாயிரம் எழுத்துக்களுக்கு மேல் அதில் அடங்காது. அதனால் மரபணுவின் முக்கியமான பகுதிகளை மட்டும் சுருக்கி எழுதி அனுப்பிப் பார்க்கிறார்கள். எவ்ரியில் அந்தச் சோதனை நடந்துவருகிறது. முழுக் குணம் இன்னும் வரவில்லை. ஆனால் நல்ல மூச்சுக் கருவியாலும், ஸ்டீராய்டு, இதய மருந்துகளாலும் இன்று பல பிள்ளைகள் முப்பதைத் தாண்டி வாழ்கிறார்கள்.

நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு நம்மைப் போன்ற கிழவர்கள் வாயிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதனால் ஒன்று சொல்கிறேன். எஸ்.எம்.ஏ. நோய், தாய் தகப்பன் இரண்டு பேரிடமும் மறைவாக ஒரு பழுது இருந்தால்தான் வரும். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. தாய்மாமன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டினால், ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால், ஜாதகத்தோடு கூட ஒரு மரபியல் மருத்துவரையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்துகொள்ள முடிவதே எவ்ரியிலும் மற்ற இடங்களிலும் நட்ட மைல்கற்களால்தான்.

பெற்ற வயிறு பற்றியெரிந்தால் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு யொலேன் அம்மாளின் சங்கம் சாட்சி. அவருடைய நான்கு பிள்ளைகளுக்கு எந்த மருந்தும் வந்து சேரவில்லை. எஸ்.எம்.ஏ. நோயோடு பிறந்தும், சரியான நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டு எழுந்து நடக்கும் குழந்தைகள் இன்று இருக்கிறார்கள்.